கவிழ்ந்த பருந்து

“ஒரு வருசத் தடையோ? அது காணாது பிள்ளை. உவன் இனிச் சாகும்வரைக்கும் பந்தைத் தொடக்கூடாது. அப்பிடியே எழுதும்.”

அருள்நாயகம் மேசையை விரலால் தட்டினார். நிரூபா படிவத்தில் எழுதிக்கொண்டிருந்த பேனையை நிறுத்தினாள். ஹெல்மெற் போட்டுக்கொண்டு ஆளையாள் இடித்து விழுத்துகிற பல்கலைக்கழக ஃபுட்போல் லீக்கில், ஒழுங்காற்றுக் குழுவில் அவளுக்கு வேலை. குடும்பத்தோடு தமிழில் பேச ஆள் வேண்டுமென்று அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள்.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவருடைய மகன் ஜோசுவா கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாமல் கிடந்தான். பதினொரு நாள். தாயும் தகப்பனும் ஸ்ரௌவ்வில் என்ற ஊரிலுள்ள வீட்டிலிருந்து தினமும் காரில் வந்துபோகிறார்கள். இனி நடக்கமாட்டான் என்று டொக்டர் நேற்று வாயைத் திறந்து சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அந்த மனுசனிடம் நல்ல வார்த்தையை எதிர்பார்க்க முடியுமா?

“அங்கிள், இடிச்சது ரூல்ஸ்படி சரியான இடிதான். அதிலை பிழை இல்லையாம். அதுக்குப் பிறகு காட்டின கைதான் கேஸ்.”

“தெரியும். நானும் அங்கைதான் இருந்தனான். அந்தக் கையைப் பாத்துச் சனம் சிரிச்சுது பிள்ளை. என்ரை பிள்ளை விழுந்து கிடக்கிறான், சனம் சிரிக்குது.”

ஜோசுவாவின் அணிக்குப் பருந்து அடையாளம். இரண்டு பெருவிரலையும் கோத்து, மற்ற விரல்களைச் சிறகாக விரித்து நெஞ்சுக்கு நேரே பிடிப்பார்கள். எதிரணிக்காரர் அதையே தலைகீழாய்க் கவிழ்த்துக் காட்டுவார்கள். செத்த பருந்து என்று அர்த்தம். மைதானத்தில் காட்டினால் நடுவர் கொடியை எறிவார். நக்கலடித்ததற்குப் பதினைந்து யார்ட் பெனால்ற்றி.

டெரன்ஸ் ஜோசப் என்ற இருபது வயதுப் பொடியன் அதை, தன் இடியில் கழுத்து முறிந்து கிடந்தவனுக்கு மேலே நின்று காட்டினான். கொடி விழுந்த பிறகும் கையை இறக்காமல் அப்படியே நின்றான். வீடியோவை இருபது லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். இரக்கமில்லாத மிருகம் என்று எழுதினார்கள். வேறென்னத்தை எழுதுவது?

“குடும்பம் சொல்லுறதைத்தான் கொமிற்றி பார்க்கும்,” என்றாள் நிரூபா. “நீங்கள் மன்னிச்சால் ஒரு வருசத்தோடை விட்டிடுவினம். இல்லையெண்டால் ஆயுள் தடை. ஸ்கொலர்ஷிப்பும் போகும். யூனிவேர்சிற்றியும் வெளியிலை விட்டிடும்.”

“விடட்டும்.”

“இஞ்சருங்கோ,” என்றாள் அவர் மனைவி மக்டலீன். அவ்வளவு நேரமும் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தவள். “அவன் வேணுமெண்டு செய்திருக்கமாட்டான். ஒரு வருசம் காணும்.”

“நீர் பேசாமல் இரும். உள்ளுக்குக் கிடக்கிறவனைப் பாத்திட்டு வந்து கதையும்.”

“பாத்திட்டுத்தான் சொல்லுறன்.”

நிரூபாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. பெற்ற பிள்ளையை இந்தக் கோலத்தில் போட்டவனுக்காக ஒரு தாய் மன்றாடுவாளா? கோயில், பூசை என்று ஊறிப்போன மனுசி போல என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் பாவம், மனுசனிடம் எடுபடாது.

“அந்தப் பொடியன்ரை அம்மா அப்பா ஏதும் கதைச்சவையே, அங்கிள்?”

“என்னத்தைக் கதைக்கிறது? என்ன முகத்தோடை?” என்றார் அருள்நாயகம். “அந்தத் தேப்பனைத்தான் முதல்லை செருப்பாலை அடிக்கவேணும். பெடியன் பெரிய ஆட்டக்காரனாய் வரவேணுமெண்டு பனிக்குள்ளையும் காரிலை ஏத்திக்கொண்டு திரிஞ்சிருப்பான். விழுந்தவனைத் தூக்கிவிடடா எண்டு ஒருநாள் சொல்லிக் குடுத்திருப்பானே? பெத்துப்போட்டால் மட்டும் காணுமே?”

மக்டலீன் எழுந்து ஜன்னலடியில் போய் நின்றாள். அழுகை வந்தது. அவள் அதை அடக்கவில்லை.

நிரூபா எழுதி முடித்து வாசித்துக் காட்டினாள். ஆயுள் தடையே குடும்பத்தின் விருப்பம். ஒவ்வொரு வரிக்கும் “ஓம், ஓம்” என்றார் அருள்நாயகம். கையெழுத்தும் போட்டார்.

“இதிலை ஒரு கொப்பி அந்தப் பொடியன்ரை வீட்டுக்கும் போகவேணும். அதுதான் முறை. நாளைக்குத் தபாலிலை போட்டிடுவன்.” நிரூபா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“தபால் வேண்டாம் பிள்ளை.” மக்டலீன் திரும்பினாள். “என்னட்டையே தாரும். அவன் பதினொரு நாளாய் அறையை விட்டு வெளியிலை வரேல்லை. சோத்துத் தட்டை வாசலிலை வைக்கேக்கை, இதையும் கதவுக்குக் கீழாலை தள்ளிவிடுறன்.”

நிரூபாவுக்கு விளங்கவில்லை. “ஆரின்ரை அறை, அன்ரி?”

“டெரன்ஸின்ரை. என்ரை சின்னவன்ரை. மூத்தவன் மன்னாரிலை பிறந்தவன், அவனுக்கு இவரின்ரை பேர் கடைசிப் பேராய் வந்துது. சின்னவன் இஞ்சை பிறக்கேக்கை, இவரின்ரை தேப்பன் ஜோசப்பின்ரை பேரைப் பதிஞ்சுபோட்டினம். அதுதான் ஒருத்தருக்கும் தெரியேல்லை.”

அருள்நாயகம் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். “அண்ணன் தம்பியெண்டால் கொமிற்றி இரங்கும்,” என்றார். “அதுதான் நான் சொல்லேல்லை.”

மக்டலீன் அவரைப் பார்க்கவில்லை. “வீட்டிலை சாப்பிடேக்கையும் ரெண்டும் அந்தக் கையைத்தான் ஆளையாள் காட்டிக்கொண்டிருக்கும். சின்னவன் கவிட்டுக் காட்டினால் மூத்தவன் உடனை நிமித்திக் காட்டுவான்,” என்றாள். “அண்ணா இப்ப எழும்பி நிமித்திக் காட்டுவான் எண்டுதான் பிள்ளை, அவன் கையை இறக்காமல் பாத்துக்கொண்டு நிண்டவன்.”