ஒழுங்கைக்கு வந்த சாமான்

"வாடகை தராதவளுக்கு இஞ்சை இடமில்லை."

கந்தப்பு சொன்னது ஒழுங்கை முழுக்கக் கேட்டது. சொன்ன கையோடு பாயும் தலையணையும் படலைக்கு வெளியே வந்து விழுந்தன. பிறகு சட்டி பானை, காஸ் அடுப்பு, உடுப்புப் பெட்டி. தையல் மெசினை மட்டும் எறிய முடியாது. இரண்டு சீமெந்துக் கல்லை வைத்து, அதன்மேல் இறக்கினார்.

மகாதேவி அழவில்லை. கையைக் கட்டிக்கொண்டு வேலியோடு நின்றாள். அவள் கந்தப்புவின் கூடப்பிறந்த தங்கச்சி. புருசன் இல்லை. தொண்டைமானாற்றுக் கரையில் இருந்த வீட்டை வெள்ளம் கொண்டுபோனபின், அண்ணன் வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருக்கிறாள்.

பக்கத்து வீட்டு மீனாம்பிகை வெளியே வந்துவிட்டாள். அந்த ஒழுங்கையில் அவளுக்குத் தெரியாமல் ஒரு கோழிகூட வேலி தாண்டாது.

"கந்தப்பண்ணை, கூடப்பிறந்ததை இப்பிடி றோட்டிலை விடலாமோ?"

"உன்ரை வீட்டு அலுவலைப் பார்."

"சன்னிதி முருகன் உதைப் பாத்துக்கொண்டுதான் இருக்கிறார்."

"பாக்கட்டும். என்ரை லோனை அவரோ கட்டுறது?"

மீனாம்பிகை தன் படலையை அடித்துச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த கிழமை, வாடகைக் கொடுப்பனவு விசாரணை. வெள்ளத்தில் வீடு இழந்து வாடகைக்கு இருப்பவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் காசு அது. மகாதேவியின் விண்ணப்பத்தை அலுவலகம் ஏற்கெனவே ஒருமுறை தள்ளிவிட்டது. அவள் விடவில்லை. மேன்முறையீடு செய்திருந்தாள்.

உத்தியோகத்தர் அருட்செல்வன் இளவயதுக்காரர். மரியாதையாகத்தான் கதைத்தார்.

"அம்மா, போனமுறையே சொன்னனான். வீடு உங்கடை அண்ணையின்ரை. சொந்தத்துக்குள்ளை வாடகை எண்டால் அது பேருக்குத்தான். நீங்கள் குடுக்காட்டியும் அவர் வைச்சிருப்பார். பிறகு நாங்கள் எதுக்குத் தரவேணும்?"

"சேர், அந்த அறையிலை வெளியூர் ரீச்சர்மார் வாடகைக்கு இருந்தவை. அந்தக் காசிலைதான் அண்ணை வள்ளத்தின்ரை எஞ்சினுக்கு லோன் கட்டினவர். எனக்காக அவையை எழுப்பி அனுப்பினவர். வந்திருக்கிறது தங்கச்சி எண்டு வங்கி அவரை விடுமோ?"

"எங்களுக்கு ஒரு சட்டம் இருக்கு, அம்மா."

"ஓம், அந்தச் சட்டம் எனக்கும் இப்ப பாடம். முன்பின் தெரியாத ஒருத்தன்ரை வீட்டிலை இருந்தால் காசு தருவியள். அண்ணன்ரை வீட்டிலை இருந்தால் அவர் போடுறதைத் திண்டுகொண்டு சும்மா கிட எண்டுறியள். சும்மா இருக்க எனக்கு ஏலாது. தைச்சு வாறதிலை என்ரை பங்கைக் குடுக்கிறன். முட்டாத மிச்சத்தைத்தான் கேக்கிறன். வாடகை குடுத்தால்தான் சேர், என்ரை கதவை நான் பூட்டலாம்."

அருட்செல்வன் பேனாவை மூடி வைத்துவிட்டு, வீட்டுச் சொந்தக்காரர் என்று விசாரணைக்குக் கூப்பிட்டிருந்த கந்தப்புவின் பக்கம் திரும்பினார்.

"ஐயா, நேராக் கேக்கிறன். இவ வாடகை தராட்டி என்ன செய்வியள்?"

போன விசாரணையிலும் இதே கேள்விதான். அப்போது கந்தப்பு யோசிக்காமல், "என்ன சேர், என்ரை தங்கச்சியெல்லோ," என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தையில்தான் விண்ணப்பம் விழுந்தது.

இந்தமுறை அவர் நிலத்தைப் பார்த்தார்.

"வெளியிலை விடுவன். விட்டும் இருக்கிறன்."

"உதை ஆர் கண்டது?"

"நான் கண்டனான்."

பின்வரிசை வாங்கில் இருந்து எழும்பியவள் மீனாம்பிகை. காலையில் இவர்கள் ஏறிய பஸ்ஸிலேயே, யாரும் கூப்பிடாமல், அவளும் ஏறியிருந்தாள். கந்தப்புவின் முகம் வெளிறியது.

"பட்டப்பகலிலை சேர். பாய், அடுப்பு, பெட்டி, எல்லாம் ஒழுங்கையிலை. உவர் ஒரு மனுசனே? தங்கச்சியைவிட எஞ்சின் பெரிசாப் போச்சு உவருக்கு. காசைப் பிறகு பாருங்கோ, முதல்லை பொலிசுக்குச் சொல்லுங்கோ."

"பிறகு என்ன நடந்தது?"

மகாதேவி சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தாள்.

"பிறகு என்ன சேர்," என்றாள் மீனாம்பிகை. "நான் படலையைச் சாத்திப்போட்டு உள்ளை போயிட்டன். அதுக்கு மேலை பாக்க ஆருக்கு மனம் வரும்?"

அருட்செல்வன் கந்தப்புவை ஏற இறங்கப் பார்த்தார். பல்லியைப் பார்ப்பது போன்ற பார்வை.

"அப்ப இது உண்மையான வாடகைதான்," என்று கையெழுத்து வைத்தார். "அம்மா, அடுத்த மாசம் தொடக்கம் காசு வரும். ஏலுமெண்டால் வேறை ஒரு நல்ல மனுசன்ரை வீடாப் பாருங்கோ."

வெளியே தூறிக்கொண்டிருந்தது. பஸ் தரிப்பிடத்துக்கு நடக்கும்போது கந்தப்பு குடையைத் தங்கச்சியின் பக்கம் சரித்துப் பிடித்தார். அவரின் ஒரு தோள் நனைந்தது.

"இனி ஊருக்குள்ளை நான் தலைகாட்டேலாது, பிள்ளை."

"நிமிந்து நடவுங்கோ அண்ணை. நல்லவர் எண்டு சொன்னதுக்குத் தரேல்லை. பொல்லாதவர் எண்டு சொன்னாப்போலை தந்திருக்கினம். வெக்கப்படவேண்டியது அவை."

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. இரண்டுபேரும் வாயை மூடினார்கள். மீனாம்பிகை அவர்களைத் தாண்டி நடந்தாள். நாலடி போனவள், திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"கந்தப்பண்ணை, அடுத்தமுறை எறியிற சாமானை இருட்டினாப்பிறகு உள்ளை எடுங்கோ. நீங்கள் ரெண்டுபேரும் மெசினைத் தூக்கிக்கொண்டு பின்வேலியாலை போனது, என்ரை கிணத்தடியிலை நிண்டால் வடிவாத் தெரியுது."