வெண்டிக்காக ஒரு பரண்

"உனக்கென்ன விசரே? நாலு வெண்டிக் கண்டுக்காகக் கொலின்ர வேட்டைப் பரணை இடம் மாத்தச் சொன்னியாம்!"

சுஜீதன் வேலைச் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினி வாசலில் நின்று கத்தினான்.

நிவேதிகா கறியைக் கிளறியபடியே சொன்னாள். "ஓம், சொன்னனான். வெண்டி முழுக்க மான் திண்டு போட்டுது. அந்தப் பரணைக் கொண்டுவந்து எங்கட வீட்டுக்குப் பின்னால இருக்கிற மரத்தில கட்டினா, ஒண்டும் கிட்ட வராது."

"அவர் என்ன சொன்னவர்?"

"வந்து பாத்தவர். குனிஞ்சு கண்டையும் தடவிப் பாத்தவர். பிறகு சரியெண்டிட்டார். சனிக்கிழமை மாத்தலாமாம்."

சுஜீதன் தலையில் அடித்துக்கொண்டான். ஏப்ரல் மாதம், மான் வேட்டை உச்சத்தில் இருக்கும் நேரம். சீசன் நடுவில் பரணை அசைத்தால் சத்தத்துக்கும் மனித வாடைக்கும் மான் அந்தப் பக்கம் எட்டியும் பாராது. இதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே கொலின்தான்.

வில்லாவுட் அகதித் தடுப்பு முகாமிலிருந்து தற்காலிக விசாவோடு வெளியே வந்து, மெல்பேர்ன் முழுக்க வீடு தேடி அலைந்தபோது ஒருவரும் இவர்களை நம்பவில்லை. நகருக்கு வெளியே வார்பர்ட்டனில் பண்ணை வைத்திருந்த கொலின் மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் பின்வீட்டுக் கதவுத் திறப்பை இவர்கள் கையில் வைத்தார். அந்த மனிதருக்கு வருடம் முழுக்க ஒரே ஒரு ஆசை, ஓடைக்கரையில் அந்தப் பரணில் துவக்கோடு போய்க் குந்துவது. அதிலேயா கை வைப்பது?

"அவற்ற மகள் எப்ப தகப்பனை வயோதிபர் இல்லத்தில கொண்டுபோய் விடலாமெண்டு பாத்துக்கொண்டிருக்கிறா. மனம் விட்டுப்போய் மனுசனும் 'போறன்' எண்டா, பண்ணையை வித்துப் போடுவினம். பிறகு எங்க போறது? வில்லாவுட்டுக்கே திரும்பிப் போறதோ?"

நிவேதிகா சட்டியை மூடிவிட்டுப் போய்விட்டாள். ஓகஸ்ட் குளிரில் ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்துப் பிள்ளை மாதிரி வளர்த்த வெண்டி அது. கவலை இருக்கும்தான். அதுக்காக இப்படியா என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சனிக்கிழமை காலை சுஜீதனும் கொலினும் ஓடைக்குப் போனார்கள். மரத்தோடு இறுக்கியிருந்த பட்டிகளை அவிழ்த்து, ஏணியும் இருக்கையுமாகப் பரணை இறக்கி ட்ரெய்லரில் ஏற்றினார்கள். ஏறி வரும் வழி செங்குத்து, போதாததுக்கு ஈரம் வேறு. கொலின் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார்.

"கொலின், இப்பவும் ஒண்டும் கெட்டுப் போகேல்லை. திருப்பிக் கட்டுவம். நான் அவளுக்குச் சொல்லுறன்" என்றான் சுஜீதன், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

"வண்டியை எடு" என்றார் கொலின்.

வீட்டுக்குப் பின்னால் பரணைக் கட்டி முடித்ததும் நிவேதிகா தேத்தண்ணியும் வடையும் கொண்டு வந்தாள். கொலின் ஏறும்போது ஓடிவந்து ஏணியைப் பிடித்துக்கொண்டு, "மெல்ல, மெல்ல" என்றாள். செய்வதையும் செய்துவிட்டு இப்போது பெரிய அக்கறை என்று சுஜீதன் பல்லைக் கடித்தான்.

மாலை முழுக்கக் கொலின் மேலே இருந்தார். குசினியில் மிளகாய் வதங்கும் வாடை அந்தக் காட்டையே தூக்கியது. மான் என்ன, ஒரு முயல்கூட வரவில்லை. வெறுங்கையோடு இறங்கியவரிடம் சுஜீதன் ஓடிப் போனான்.

"மன்னிச்சுக் கொள்ளுங்கோ கொலின். ஒருத்தரும் எங்களை வீட்டுக்குள்ள எடுக்காத நேரம் நீங்கள்தான் இடம் தந்தனீங்கள். அவளுக்கு அந்த நன்றி இல்லை. நாளைக்கே நான் பரணை ஓடைக்குக் கொண்டுபோய்க் கட்டுறன்."

கொலின் துவக்கைக் கீழே வைத்துவிட்டு ஏணிப்படியில் உட்கார்ந்தார்.

"போன மாதம் அந்த ஓடைச் சரிவில் நான் மயங்கி விழுந்தேன், சுஜீ. என்னைத் தேடி வந்து தூக்கினது உன் மனைவிதான். மகளுக்குத் தெரிந்தால் அன்றைக்கே என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள்; யாரிடமும் சொல்லாதே என்று கேட்டேன். உன்னிடம்கூட அவள் சொல்லவில்லை, பார்த்தாயா? இனி அந்தப் பக்கம் தனியாகப் போகாதீர்கள் என்று கெஞ்சினாள். நான்தான் பிடிவாதக்காரன், கேட்கவில்லை."

சுஜீதன் குசினி யன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"என் நன்றியை அவளுக்குச் சொல்லிவிடு" என்று எழுந்தார் கொலின். "இன்னொன்றும் சொல்லு. மானுக்கு மேல்வாயில் முன்பல்லே கிடையாது, செடியைப் பிய்த்துத்தான் தின்னும். அடுத்த முறை தன் வெண்டியைக் கத்தியால் வெட்டாமல், கையால் பிய்த்துப் போடச் சொல்லு."