இன்னும் ஒரு மடக்கு

"பதினொரு அறிகுறியில ஒன்பது பொருந்துது டாக்டர். நானே டிக் போட்டுப் பார்த்துட்டேன்."

ஃபிரிட்ஜ் மெக்கானிக் தன் செல்போனை மேசைமேல் நகர்த்தி டாக்டரின் மூக்குக்கு நேராக வைத்தார். கை கால் ஒவ்வொன்றாக விழுந்து, இரண்டே வருடத்தில் ஆளை முடித்துவிடும் ஒரு நரம்பு நோயின் பட்டியல் திரையில் இருந்தது. ஒரு வாரமாகச் சோறு தண்ணி மறந்து அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறார். வலது கையில் மூன்று விரல்கள் மரத்துப்போகின்றன. ஸ்க்ரூ டிரைவர் நழுவுகிறது. அந்தக் கையை நம்பித்தான் வீடே ஓடுகிறது.

டாக்டர் போனைத் தொடவே இல்லை. மெக்கானிக்கின் மணிக்கட்டை மடக்கினார், தட்டினார், விரல்களை விரிக்கச் சொன்னார்.

"நாள் முழுக்க ஸ்க்ரூ டிரைவரை அழுத்திப் பிடிக்கிறீங்க. மணிக்கட்டுல நரம்பு நெருக்குது. ஒரு மாசம் பெல்ட் போடுங்க, சரியாயிடும்."

"அவ்வளவுதானா? ஸ்கேன் கிடையாதா?"

"தேவையில்ல."

பக்கத்து நாற்காலியில் இருந்த மெக்கானிக்கின் மனைவிக்குத் தொண்டை கமறியது. டாக்டரே எழுந்துபோய்த் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

"குடிங்கம்மா. மெதுவா... இன்னும் ஒரு மடக்கு... ம், இன்னும் ஒரு மடக்கு."

மெக்கானிக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கே ஒருவன் உயிர் போகிற விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறான், இந்த மனுஷன் விருந்து உபசாரம் நடத்துகிறார்! போதாக்குறைக்கு, "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. உங்க வீட்டம்மாகிட்ட ரெண்டு வார்த்தை பேசணும்" என்றார்.

இரண்டு வார்த்தை பேசப் பத்து நிமிடம் ஆனது. வெளியே வந்தவளின் முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன சொன்னாரு?"

"உங்களுக்கு ஒண்ணுமே இல்லைன்னாரு."

"இதைச் சொல்றதுக்குப் பத்து நிமிஷமா?"

அவள் விறுவிறுவென்று படியிறங்கினாள்.

அன்றிலிருந்து அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். போன் வந்தால் அவள் மொட்டைமாடிக்கு ஓடுகிறாள். அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பிப்போன நாளில், அந்த அக்காவே கடைக்கு போன் போட்டுத் தங்கையைக் கேட்டாள். கொளுத்துகிற வெயிலிலும் கழுத்தைச் சுற்றி முந்தானையைப் போர்த்திக்கொண்டு எந்நேரமும் ஏதோ யோசனை. திடீரென்று மகளை அடுப்படியில் நிறுத்திச் சமையல் பழக்குகிறாள். நான் போன பிறகு இவள் வேலைக்குப் போயாக வேண்டும், மகள்தான் வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்குத்தான் இப்போதே ஏற்பாடு என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

விரல் மரப்பு என்னவோ குறைந்துகொண்டுதான் வந்தது. அதையும் அவர் நம்பவில்லை. முடிகிறதுக்கு முன்னால் கொஞ்சம் தேறுகிற மாதிரி இருக்கும் என்று யாரோ நெட்டில் எழுதியிருந்தார்கள்.

"அண்ணே, கம்ப்ரசர் போயிடுச்சு. வீடியோவுல பார்த்தேன்" என்று வந்தார் ஒரு வாடிக்கையாளர்.

"அப்ப ரிப்பேரையும் வீடியோவுலயே பண்ணிக்குங்க!" என்று எரிந்து விழுந்தார் மெக்கானிக். "திறந்து பார்க்காமலே சொல்றதுக்கு நீங்க எதுக்கு, நான் எதுக்கு?"

ஆனாலும் அவர் வீடு வரை போய்ப் பார்த்தார். ஃபிரிட்ஜ் குத்துக்கல்லாட்டம் இருந்தது. பக்கத்திலிருந்த ஸ்டெபிலைசர்தான் போயிருந்தது. அதை மாற்றிக் கொடுத்துவிட்டு, மதியமே வீட்டுக்கு வந்துவிட்டார்.

வீட்டில் யாரும் இல்லை. பீரோவில் துண்டு எடுக்கப் போனவரின் கையில், மடித்துவைத்த போர்வைகளுக்கு அடியில் ஒரு ஃபைல் தட்டுப்பட்டது. மேலே அந்த டாக்டரின் முத்திரை.

மனைவி வரும்வரை அதை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் ஃபைலைத் தூக்கி மேசையில் போட்டார்.

"மறைச்சது போதும். எனக்கு எத்தனை மாசம் கெடு குடுத்திருக்காரு உங்க டாக்டர்?"

அவள் ஃபைலைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"திறந்து பார்த்தீங்களா?"

"தைரியம் வரல. நீயே சொல்லு. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கோம். எங்கிட்டப் போய் மறைக்க உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"சொன்னா நீங்க அடுத்த நிமிஷமே போனை எடுத்துத் தேட ஆரம்பிச்சுடுவீங்க. கண்டதையும் படிச்சுட்டு நீங்களும் நடுங்கி, என்னையும் நடுங்க வைப்பீங்க. டெஸ்ட் முடிவு கைக்கு வரட்டும்னு இருந்தேன். இன்னிக்குத்தான் வந்துச்சு."

"என்ன வந்துச்சு?"

"வெள்ளிக்கிழமை ஆபரேஷன். ஆரம்பத்துலயே பார்த்துட்டதால பயப்பட வேண்டாம்னு சொல்லிட்டாரு."

"எனக்கு ஆபரேஷனா?"

அவள் கழுத்தைச் சுற்றியிருந்த முந்தானையை எடுத்தாள். அவருடைய வலது கையைப் பிடித்துத் தன் தொண்டைக்குழிமேல் வைத்து, எச்சில் விழுங்கினாள்.

"தண்ணி குடிக்கும்போதுதான் நல்லாத் தெரியுமாம்."

மரப்பு விட்டிருந்த அந்த மூன்று விரல்களுக்கும் கீழே, நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி மேலே ஏறி இறங்கியது.