குடை பிடித்தவர்

“இந்தக் குடைக்காரனை வெட்டி எடுத்துடுங்க. துரை மட்டும் போதும்.”

விழாக் கமிட்டித் தலைவர் கணினித் திரையில் விரலை வைத்து அழுத்தினார். போட்டோ ஸ்டுடியோக்காரர் கைக்குட்டையால் அந்த ரேகையைத் துடைத்தார்.

திரையில் இருந்தது ஆலயத்தின் நூறு வருடப் பழைய படம். சபையைத் தொடங்கிய மிஷனரி துரை, கோட்டும் தொப்பியுமாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் தலையில் துண்டு கட்டிய ஒருவர் குடை பிடித்து நிற்கிறார். குடை நிழலும் காலம் ஏற்றிய பழுப்பும் சேர்ந்து இருவருக்கும் ஒரே நிறத்தைக் கொடுத்திருந்தன.

“அந்தக் கம்பைப் பாருங்க. துரை தலையில கொம்பு முளைச்ச மாதிரி இருக்கு. சுவர் உயரத்துக்கு பேனர் வைக்கிறோம். பிள்ளைங்க பயந்துடும்.”

“சரிங்க. ஆனா ஒண்ணு, துரை வெறுங்காலோட இருக்காரே?”

“எளிமை! அதுதாங்க எளிமை. நல்லவேளை சொன்னீங்க, பேச்சுல சேர்த்துக்கறேன்.”

“கோட்டுக் கை விரலையெல்லாம் மூடுது.”

“அதுவும் எளிமைதான்.”

வாசலில் நின்றிருந்த அம்மாள் மெல்லத் தொண்டையைச் செருமினார். ஆலயத்தைப் பெருக்கித் துடைப்பவர். கண்ணாடி உடையாமல் அந்தப் படத்தைத் துணியில் சுற்றித் தூக்கி வந்தது அவர்தான்.

“ஐயா, அவர் மூலையில சின்னதா இருந்துட்டுப் போகட்டுமே. எங்க கொள்ளுத்தாத்தாய்யா.”

“யாரு, இந்தக் குடைக்காரனா?”

“துரைக்குச் சமையல்காரரா இருந்தவர். இந்தப் படத்துல இருக்கார்னு எங்கப்பா சொல்லிக்கிட்டே இருப்பார். இருக்கறது ரெண்டே பேர். நாற்காலியில துரை. அப்ப மிச்சம் இவர்தானே?”

“சரி, இருக்கட்டும். அதுக்கு என்ன இப்போ?”

“விழாவுக்கு எங்க சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்க. பொண்ணைக் கட்டிக்கொடுத்த நாள்லேர்ந்து விளக்குமாத்துக் குடும்பம்னு ஒரே குத்தல் பேச்சு. பொறுக்க முடியாம, துரைகூடவே படத்துல நிக்கிற பரம்பரை நாங்கன்னு சொல்லிட்டேன். பேனர்ல காட்டலைன்னா என் பொண்ணு அங்க தலைநிமிர்ந்து நடக்க முடியாதுய்யா.”

“சொல்றதுக்கு முன்னாடி கமிட்டியை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்.” தலைவர் ஸ்டுடியோக்காரர் பக்கம் திரும்பினார். “ம், வெட்டுங்க.”

வெட்டினார்.

தலைவரின் ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையைத் தாண்டியதும் ஸ்டுடியோக்காரர் வெட்டிய துண்டை அஞ்சலட்டை அளவில் அச்செடுத்தார். ஓரத்தை நறுக்கி, ஒரு சின்னச் சட்டத்தில் செருகி அம்மாளிடம் நீட்டினார்.

“எவ்வளவுங்க?”

“பேசாம எடுத்துட்டுப் போங்கம்மா. ஒரு பெரியவரை வெட்டின பாவம் என் தலையில இருக்க வேணாம்.”

விழா நாளன்று ஆலயம் நிரம்பி வழிந்தது. துரையின் கொள்ளுப்பேத்தி கடல் தாண்டி வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். தலைவர் கயிற்றை இழுத்தார். பேனரை மூடியிருந்த துணி நேராக அவர் தலைமேலேயே விழுந்தது. பிள்ளைகள் சிரித்துத் தீர்க்கும்வரை அவர் உள்ளே வழி தேடிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் பூங்கொத்தைப் படத்தின் அடியில் வைத்து, இடுப்பு வரை குனிந்து வணங்கினார். பிறகு ஒலிபெருக்கியைப் பிடித்தார். “இந்தப் பாதங்களைப் பாருங்கள்!” என்று ஆரம்பித்தவர், கடைசிவரை பாதத்தை விட்டு மேலே ஏறவில்லை.

பின்வரிசையில் அம்மாள் சட்டத்தை எடுத்துச் சம்பந்தியம்மாளிடம் காட்டினார். “இவர்தான் எங்க கொள்ளுத்தாத்தா.”

“பேனர்ல காணோமே?”

“வெட்டிட்டாங்க.”

“வெட்டினாங்களா, இல்ல அந்தப் படத்துல இருக்கவே இல்லையா?”

பக்கத்தில் மகள் தலைகுனிந்தாள்.

முதல் வரிசையிலோ துரையின் கொள்ளுப்பேத்தி பேனரை வெகுநேரம் குழப்பத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, யாரையோ தேடுவதுபோல வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே பின்னால் வந்தார். அம்மாளின் கையிலிருந்த படத்தைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். இரண்டு கைகளாலும் அதை வாங்கி முத்தமிட்டார். ஏதோ சொன்னார்.

எல்லோரும் போதகரைப் பார்த்தார்கள். மொழிபெயர்ப்பது அவர் பொறுப்பு.

“அது வந்து...” போதகர் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார். “இவர்தான் அவங்க கொள்ளுத்தாத்தாவாம்.”

“குடைக்காரனா? இருக்காது, சரியாக் கேளுங்க!” என்றார் தலைவர் ஒலிபெருக்கியிலேயே.

துரையின் கொள்ளுப்பேத்தி கைப்பையிலிருந்து ஓர் அஞ்சலட்டையை எடுத்தார். அதே படம், வெட்டுப்படாமல் முழுதாக. துரை அந்தக் காலத்தில் தன் தாய்க்கு அனுப்பியது. போதகர் அதைத் திருப்பி, பின்புறம் எழுதியிருந்ததைத் தமிழில் படித்தார்.

“‘அம்மா, இன்று எங்கள் சமையல்காரரின் பிறந்தநாள். என்றும் நிற்கிறவர் இன்று ஒருநாள் உட்காரட்டும் என்று என் கோட்டையும் தொப்பியையும் அவருக்கு மாட்டிவிட்டேன். பூட்ஸ் மட்டும் சேரவில்லை. குடை பிடித்து என் கை வலிக்கிறது.’”

அம்மாள் சுவர் உயரப் பேனரை அண்ணாந்து பார்த்தார். அதன் அடியில் இருந்த பூங்கொத்தைப் பார்த்தார். பிறகு தலைவரைப் பார்த்துக் கண்கலங்கக் கைகூப்பினார்.

“மூலையில சின்னதாதானேய்யா கேட்டேன். இவ்வளவு பெருசா போட்டுட்டீங்களே!”