ஒன்றை அழுத்தவும்

அசோக் மட்டும் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்ற முடிவோடுதான் சுகப்பிரியா பரளச்சி ரோட்டில் ஸ்கூட்டியை விரட்டிக்கொண்டிருந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. கோபம் அதைவிடச் சுள்ளென்று இருந்தது.

அவள் வேலை பார்ப்பது அருப்புக்கோட்டையில், கடைகளின் வெப்சைட் நின்றுபோகாமல் கண்காணிக்கிற ஒரு சின்னக் கம்பெனியில். பழைய டீம் கூண்டோடு வேறு கம்பெனிக்குத் தாவிவிட, போன வாரம்தான் பொறுப்பு இவள் தலையில் விழுந்தது. எந்த சைட் படுத்தாலும் கம்ப்யூட்டரே முதலில் அசோக்குக்குப் போன் போடும். அவன் ஒன்றை அழுத்தினால் 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று அர்த்தம். அதன்பிறகு அது வேறு யாரையும் கூப்பிடாது.

வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற அந்த மகராசன் ஒவ்வொரு முறையும் தவறாமல் அழுத்தினான். அழுத்திவிட்டு ஒரு மண்ணும் செய்யவில்லை. இவளே கூப்பிட்டால், இவள் 'ஹலோ' என்றதும் கட் ஆகிவிடும்.

நேற்று ஜவுளிக்கடை நவநீதகிருஷ்ணனின் சைட், தள்ளுபடி விற்பனை நடக்கிற நேரத்தில், மத்தியானம் முழுக்கப் படுத்தே கிடந்தது. "இன்னொரு தடவ இப்பிடி ஆச்சுன்னா உங்க சங்காத்தமே வேணாம்மா" என்று மனுஷர் போனை வைத்துவிட்டார். அவர் போனால் இவள் வேலையும் போகும். கோயம்புத்தூரில் இருக்கிற முதலாளி அதைப் போனிலேயே சொல்லிவிட்டார்.

காலையில் வந்ததும் எல்லாவற்றையும் மாற்றினாள். முதலில் கை வைத்தது, கம்ப்யூட்டர் போன் போடும்போது ஒலிக்கிற எச்சரிக்கைக் குரலில்தான். "சாமிகளா, சைட்டு படுத்துருச்சு! வாரீகளா? வந்தா ஒண்ண அமுக்குங்க!" என்று யாரோ ஒரு பயல் சிரிப்பை அடக்க முடியாமல் பேசி வைத்திருந்தான். இது என்ன கூத்து என்று அதை அடியோடு அழித்துவிட்டு, தன் குரலிலேயே பதவிசாகப் பேசி ஏற்றினாள்.

சோதித்துப் பார்க்க எல்லோருக்கும் ஒரு கால் போனது. புதிதாகச் சேர்ந்த பையன்கள் கோகுலும் மாரிசெல்வமும் அழுத்தினார்கள். அசோக் அழுத்தவில்லை.

"பொம்பள குரலுன்னதும் திமிரப் பாத்தியா?"

"நானே முந்தாநாள் வந்தவன்க்கா. அவர நான் பாத்ததுகூட இல்ல" என்று கோகுல் நழுவிவிட்டான்.

இவள் வண்டியை எடுத்துவிட்டாள்.

வீட்டு வாசலில் அசோக்கின் அம்மா சங்கரம்மாள் மிளகாய் வத்தலைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"அசோக் இருக்காராம்மா? ஆபீசுல இருந்து வாரேன்."

அந்தம்மாவின் கை அப்படியே நின்றது. "உள்ள வா தாயி" என்று எழுந்தாள்.

உள்ளே சுவரில் மாலை போட்ட படம். வாயெல்லாம் சிரிப்பாக ஓர் இளைஞன். படத்துக்குக் கீழே ஒரு போன் சார்ஜில் கிடந்தது.

சுகப்பிரியா படத்துக்கு முன்னால் போய் நின்றாள். "எப்பம்மா?"

"பைக்குல வாரப்ப லாரிக்காரன் இடிச்சுப்புட்டான். பதினாறு கும்பிட்டு இன்னும் மாசம் ஆகல."

ஐயோ, இந்தப் பிள்ளையையா ஒரு வாரமாகக் கரித்துக்கொட்டினோம் என்று அவளுக்கு இருந்தது. ஆனாலும் ஒன்று புரியவில்லை.

"அப்ப... எங்க கால் வாரப்பல்லாம் ஒண்ண அமுக்குனது யாரும்மா?"

"நாந்தேன்." சங்கரம்மாள் போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "'வாரீகளா, வந்தா ஒண்ண அமுக்குங்க'ன்னு எம்புள்ள சிரிச்சுக்கிட்டே கேப்பான். பெத்தவ வரமாட்டேன்னா சொல்லுவேன்?"

சுகப்பிரியா சுவரில் சிரித்துக்கொண்டிருந்தவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னிக்குக் காலையில மட்டும் ஒங்கொரலு மாதிரி யாரோ ஒரு பொம்பளப்புள்ள பேசுச்சு" என்றாள் அந்தம்மா, போனைத் தடவியபடியே. "நாளைக்காச்சும் அவன் பேசுவானா தாயி?"