கொம்புக்கும் இரண்டு அங்குலம்

பள்ளி நாடகத்தின் கொம்பு முயல் வேடத்தை நான்தான் வரைந்து தைத்தேன். வளரும் பிள்ளைகளின் உடுப்பில் இரண்டு அங்குலத் துணியை உள்ளே மடித்துத் தைப்பது என் வழக்கம். கைப்பழக்கத்தில் முயல் தொப்பியின் கொம்புகளிலும் மடித்துவிட்டேன். பஞ்சு அடைக்கும்போது கவனித்துச் சிரித்தேன்.

நாடகம் முடிந்து ஒரு மாதம் கழித்து, முயலாக நடித்த நிவிஷாவை அவள் அம்மா என் தையல் கடைக்குக் கூட்டிவந்தாள். தொப்பி இன்னும் தலையில் இருந்தது.

"கொம்பு இறுக்குதாம்க்கா. உள்ள மடிச்ச துணியைப் பிரிச்சு விடுங்க."

"கழட்டிக் குடுங்க."

அம்மா கடை ஷட்டரைப் பாதி இறக்கினாள். "தலையில இருக்கட்டும். அப்படியே பிரிங்க."

கொம்பைத் தொட்டேன். உள்ளே பஞ்சு இல்லை. கெட்டியாக, வெதுவெதுப்பாக ஏதோ இருந்தது. கத்தரியை எடுத்தேன்.

"பாத்து ஆன்ட்டி," என்றாள் நிவிஷா. "அம்மா வெட்டுனப்ப ரொம்ப வலிச்சுது."