டுவெய்ன் செய்த தப்பு

"ட்ரெய்லர் பிரேக்குக்குப் புதுக் காந்தம் போட்டேன்னு சொல்லிட்டு, பழசையே தேய்ச்சு மாட்டிட்டியா?"

வண்டி நின்றதும் நிற்காததுமாகக் கீழே குதித்து, மெக்கானிக் டுவெய்னைப் பிடித்துக்கொண்டாள் ராமோனா. பின்னால் குதிரை ட்ரெய்லர். உள்ளே நாலு குதிரைகளும் மிரண்டுபோய்த் தகரத்தை உதைத்தன.

ஓட்டி வந்த மாமனார் ஆர்வில் மெதுவாக இறங்கினார். எழுபது வயசு.

"ரயில்வே கேட்டுல பிரேக்கை மிதிக்கிறேன், ட்ரெய்லர் பிடிக்கவே இல்ல. நாலு குதிரையும் சேர்ந்து என் முதுகுல கை வெச்சுத் தள்ற மாதிரி தள்ளுது. தண்டவாளத்துக்கு ஒரு முழம் இருக்கும்போதுதான் நின்னுச்சு."

"போன வாரம் நல்லாப் பிடிச்சுதே, பெரியவரே."

"அப்போ நாங்க பொய் சொல்றோமா?" என்றாள் ராமோனா.

அவளுக்கு இவன்மேல் ஆரம்பத்திலிருந்தே சந்தேகம்தான். ஆறு மாசத்துக்கு முன்னால் எங்கிருந்தோ வந்து, வயோமிங்கில் இருக்கிற இடமெல்லாம் விட்டு, இந்த ஊரில் பட்டறை போட்டவன். கழுத்துவரை பச்சை குத்தியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆளையே பார்க்க முடியாது.

"பாரு தம்பி," ஆர்வில் தொப்பியைக் கழற்றினார். "என் சின்னப் பையன் ஒரு தடவை அசட்டையா ஓட்டினான். அன்னிக்கே சாவியைப் பிடுங்கிட்டேன். இப்போ பண்ணையில வைக்கோல் அள்ளிப் போடறான். திங்கட்கிழமை இந்தக் குதிரைங்களை மலை தாண்டி ஏலத்துக்குக் கொண்டு போறது என் மருமகதான். முதல் தடவை, தனியா. அந்த இறக்கத்துல இது பிடிக்கலேன்னா என்ன ஆகும்?"

டுவெய்ன் ட்ரெய்லர் பக்கம் போனான். ஜாக்கி வைத்து ஒரு சக்கரத்தைத் தூக்கினான். அதைச் சுழலவிட்டு, ட்ரெய்லர் கழன்றுபோனால் தானாகப் பிரேக் விழ முன்பக்கம் தொங்கிய அவசர ஊசியை உருவினான். சக்கரம் டக்கென்று நின்றது.

"ட்ரெய்லரோட சொந்த பேட்டரியில பிடிக்குது பாருங்க. காந்தத்துல கோளாறு இல்ல."

"கழட்டிக் காட்டு."

கழற்றிக் காட்டினான். காந்தம் பளபளவென்று இருந்தது.

"பளபளன்னு இருந்தா புதுசா? உன்கிட்ட உப்புத்தாளா இல்ல?"

டுவெய்னுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

அடுத்து, சாவியை வாங்கிக்கொண்டு வண்டிக்குள் ஏறினான். ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்தவன் நிமிர வெகுநேரமாயிற்று. பர்ஸை சீட்டிலேயே விட்டுவிட்டோமே என்று ராமோனாவுக்குச் சுருக்கென்றது.

இறங்கி வந்து சாவியை ஆர்விலிடம் கொடுத்தான்.

"நேத்து இதை யார் ஓட்டினாங்க?"

"நான்தான்," என்றாள் ராமோனா. "காலி ட்ரெய்லரைப் பக்கத்துப் பண்ணையிலேருந்து கொண்டு வந்தேன். ஏன், பழியைத் தூக்கி என் தலையில போடப் பாக்கிறியா?"

ஆர்வில் புருவத்தைச் சுருக்கி மருமகளைப் பார்த்தார். டுவெய்ன் ஆர்விலைப் பார்த்தான்.

"இல்லம்மா. சும்மா கேட்டேன்."

ட்ரெய்லருக்கு அடியில் புகுந்துகொண்டான். அரம் எதையோ சுரண்டும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தான்.

"எர்த் ஒயர். பெயிண்ட் மேலேயே முடுக்கியிருக்கேன், கரண்ட் சரியாப் போகல. என் தப்புதான்."

"கேட்டீங்களா மாமா! அவன் வாயாலேயே ஒத்துக்கிட்டான்."

"கூலி வேண்டாம், பெரியவரே."

"எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் கேப்பே?" என்றாள் ராமோனா.

ஆர்விலின் முகம் சிவந்துவிட்டது. "ரயில் வந்திருந்தா எங்களை அள்ளித்தான் எடுத்திருக்கணும். இனிமே என் வண்டி இந்த வாசலுக்கு வராது. மத்த பண்ணைக்காரங்ககிட்டேயும் சொல்லத்தான் போறேன்."

டுவெய்ன் தலையைக் குனிந்தபடி அழுக்குத் துணியில் கையைத் துடைத்தான். பிறகு ராமோனாவிடம் மட்டும் சொன்னான்.

"திங்கட்கிழமை குதிரைங்களை ஏத்தினதும் ஒரு தடவை பிரேக்கைப் பார்த்துக்குங்கம்மா. மறந்துடாதீங்க."

"நீ எனக்குச் சொல்லித் தர்றியா?"

ஆர்வில் சாவியை அவள் கையில் வைத்து அழுத்தினார். "நீயே ஓட்டும்மா. நம்ம வீட்டுல கவனமான ஆள் நீ ஒருத்திதான்."

ராமோனா நிமிர்ந்து ஏறி உட்கார்ந்தாள். பர்ஸ் வைத்த இடத்திலேயே இருந்தது. சாவியைப் போட்டாள்.

ஸ்டியரிங்குக்குக் கீழே, ட்ரெய்லர் பிரேக்குக்குப் போகும் கரண்டைக் கூட்டிக் குறைக்கும் சின்னப் பெட்டி. அதன் திருகு ஆறாம் எண்ணில் நின்றது.

நேற்று சரளைக்கல் ரோட்டில் காலி ட்ரெய்லரின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு இழுபட்டபோது, அதை ஒன்றுக்கு இறக்கியவள் அவள். திரும்ப ஏற்றவே இல்லை.

"என்னம்மா அங்கேயே பாக்கிறே?" பக்கத்தில் ஏறிக்கொண்ட ஆர்வில் கேட்டார். "அந்தப் பய எதையாவது நோண்டி வெச்சிருக்கானா?"

பட்டறை வாசலில் டுவெய்ன் ஜாக்கியை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

"இல்ல மாமா," என்றாள் ராமோனா. "அவன் எதையும் தொடல."